நாற்பத்தொரு நாள் குறைவு

அந்தேரி மேற்கு, மூன்றாவது மாடி.
இடப்பக்கக் கதவு கறுக்க வைக்கும்,
வலப்பக்கக் கதவு வெளுக்க வைக்கும்.
நடுவில் உட்கார்ந்து நான் பில் போடுவேன்.

இடப்பக்க இயந்திரம் கப்பலில் வந்தது.
சவப்பெட்டி மாதிரி மூடி, உள்ளே ஊதா விளக்குகள்.
மூடியின் மேல் மஞ்சள் ஒட்டுத்தாள்:
பதினெட்டு நிரம்பாதவர் படுக்கக் கூடாது.
எந்த நாட்டுச் சட்டமோ,
தெர்மகோலோடு சேர்ந்து இறங்கிவிட்டது.
கிழித்துவிடலாமா என்று கேட்டேன்.
பங்கஜ் சேட்டுக்கு வழக்கென்றால் வயிறு கலங்கும்.
அதையே பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு
கதவுக்கு மேலே மாட்டினார்.

வலப்பக்கக் கதவுக்கு மேலே
வெள்ளை ரோஜாப் படம். வேறொன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பையன் வந்தான்.
கௌஸ்துப் பாட்வே, டோம்பிவிலி.
உரித்த பூண்டு நிறம், தோள் இரண்டும் பாறை.
ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறுகிறானாம், ஜூனியர் ஆணழகன்.
விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சதை
பிசைந்த மைதா மாதிரித் தெரியுமாம்.
கறுத்தால்தான் வரி வரியாக எடுக்குமாம்.
"உங்க கலர் வரணும், தீதி" என்றான்.

முப்பத்திரண்டு வருஷத்தில்
என் நிறத்துக்கு ஒருவன் விலை கேட்டது அன்றைக்குத்தான்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆதார் வாங்கிப் பார்த்தேன்.
நாற்பத்தொரு நாள் குறைவு.

அப்பா கையெழுத்து கொண்டுவரட்டுமா என்றான்.
இரண்டாயிரம் கூடத் தருகிறேன் என்றான்.
தோல் உன்னுடையதுதான் தம்பி,
இன்னும் உன் பேருக்கு எழுதித் தரவில்லை.
இதை இந்தியில் சொல்லத் தெரியாமல்
விரலால் மேலே காட்டினேன். போனான்.

புதன்கிழமை ஓர் அம்மாவும் மகளும்.
மகள் மிஹிகா, பன்னிரண்டு வயது,
பள்ளி நீச்சல் அணி, தலைமுடியில் குளோரின் வாசம்.
அக்காவுக்குப் பத்தொன்பது நாளில் கல்யாணம்.
போட்டோவில் இவள் மட்டும் தனியாகத் தெரிவாளாம்.
ஆறு தடவை வர வேண்டும், கடைசி இரண்டில் ஊசி.
படிவத்தில் வயதுக்கு ஒரு கட்டம் உண்டு.
அதில் எந்த எண்ணை எழுதினாலும் செல்லும்.

பன்னிரண்டில் எனக்கும் ஒரு டியூப் இருந்தது.
யாரும் வாங்கித் தரவில்லை,
ஆன்டாப் ஹில்லில் டிபன் காசு சேர்த்து நானே வாங்கியது.
மூக்கோரம் உரிந்த இடத்தில்
பயறளவு வெள்ளை இன்னும் இருக்கிறது.

நகம் கடித்துக்கொண்டே
பெண் கண்ணாடிச் சட்டத்தைச் சத்தமாக வாசித்தாள்.
"மம்மி, எனக்குப் பதினெட்டு ஆகலையே."
"அது அந்த ரூமுக்கு."
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"முழுக் கடைக்கும்தான், மேடம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.
பேனாவுக்கு மூடி போட்டேன், அதுவரை திறந்தே கிடந்தது.

உள்ளறையிலிருந்து சேட் கேட்டுக்கொண்டிருந்தார்.
பதினோராயிரம் பிடித்தம், இரண்டு தவணையாக.
"சட்டம் நீ எழுதறியா?"
இல்லை சேட், யாரோ எழுதியதை
நாலடி வலப்பக்கம் தள்ளி வைத்தேன்.
அதைச் சொல்லவில்லை. வேலை வேண்டும்.

அந்த அம்மா வெர்சோவாவில் வேறு கடை பார்த்திருப்பாள்.
பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை விடுமுறை. ஜுஹு, மதியம் ஒரு மணி.
மணலில் கால் சுட, குடை பிடித்து நடந்தேன்.
கறுத்துடுவே, கறுத்துடுவே என்று கேட்டுக் கேட்டு
கையோடு ஒட்டிவிட்ட குடை.

அங்கே கிடந்தான் அவன்,
கடுகெண்ணெய் பூசி, குப்புற,
முதுகு வெந்த இறால் போலச் சிவந்து.
வெயிலுக்கு யார் ஆதார் காட்ட வேண்டும்?

பக்கத்தில் நின்று குடையைச் சாய்த்தேன்.
நிழல் விழுந்ததும் ஒருக்களித்து நகர்ந்தான்.
நானும் ஓரடி நகர்ந்தேன்.
மறுபடி நகர்ந்தான்.
"உரிஞ்சு போகும்டா. நாற்பது நாள்தானே,
பொறுக்க முடியாதா?"

"முப்பத்தேழு" என்றான்,
கண் திறக்காமல்.